அப்பா கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள்

கேள்வி:

என் அப்பா எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பள்ளி விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து எழுதியே 11 நாவல்களும் 3 சிறுகதைத் தொகுப்புகளும் கொண்டுவந்தார். பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் தென்மாவட்டங்களில் அவரைத் தேடிப் படிக்கிறவர்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் தவறிவிட்டார். அம்மாவும் நானும் ஊரில் இருக்கிறோம். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான்.

போன மாதம் என் மகன் ஒரு ஏஐ செயலியில் தாத்தாவின் முதல் நாவலைப் பற்றிக் கேட்டான். அது மளமளவென்று கதையைச் சொன்னது. ஆனால் கதாநாயகியின் பெயர் தப்பு. கிணற்றடியில் முடிகிற கதையைக் கடற்கரையில் முடித்துவைத்தது. "இதே ஆசிரியர் நடையில் ஒரு சிறுகதை எழுது" என்றான். அதையும் எழுதிக் கொடுத்தது. படித்தால் அப்பா மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு தேடிப்பார்த்தால், ஒரு காணொளிச் சேனலில் அப்பாவின் 4 நாவல்கள் முழுக்க முழுக்க இயந்திரக் குரலில் வாசிக்கப்பட்டு ஓடுகின்றன. நடுநடுவே விளம்பரமும் வருகிறது. செல்போன் குழுக்களில் எல்லாப் புத்தகமும் பிடிஎஃப் ஆகச் சுற்றுகிறது. பதிப்பகத்தில் கேட்டேன். "உரிமை எங்களிடம்தான் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். 2014 மார்ச்சில் அப்பா அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளின் நகல் வீட்டில் இருந்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அப்பா போன பிறகு ராயல்டி என்று ஒரு ரூபாய் வரவில்லை. 2022-ல் புதுப் பதிப்பு மட்டும் வந்தது.

அந்த ஏஐ கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா? அப்பாவின் அச்சாகாத கடைசி நாவலை நாங்களே கொண்டுவர நினைக்கிறோம். அட்டைப்படத்தை மகன் ஏஐ-யில் போட்டு வைத்திருக்கிறான். அதன் காப்புரிமை யாருக்கு? தெரிந்தவர்கள் எல்லாரும் "பேசாமல் நாட்டுடைமைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். செய்யலாமா?

— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஏஐ-யில் தொடங்கினீர்கள். நான் உங்கள் வீட்டு அலமாரியில் தொடங்குகிறேன். அப்பாவின் முதல் நாவலை எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்புங்கள். நூலின் பெயர், ஆசிரியர், தாள், எழுத்தின் அளவு, பக்கம், விலை, அச்சிட்டோர் என்று நூலக ஆர்டருக்காக நம் பதிப்பாளர்கள் போடுகிற அந்தப் பட்டியல் இருக்கும். அதில் "உரிமை" என்று ஒரு வரி. பழைய பதிப்பில் "ஆசிரியருக்கு" என்று இருக்கும் என்று நினைக்கிறேன். 2022 பதிப்பில் "பதிப்பகத்தாருக்கு" என்று மாறியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த மாற்றத்தை அச்சகத்தில் ஒரு தம்பி தட்டச்சு செய்துவிட முடியும். சட்டத்தில் அப்படி மாறாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, எழுதியவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். (காப்புரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடிப்புகளுக்கு வாங்கும் பேட்டன்டையும் தமிழில் அதே சொல்லால் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம் என்பதால், நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.)

நீங்கள் அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். "கீழ்க்கண்ட எனது நூல்களின் எல்லா உரிமைகளையும் தங்கள் பதிப்பகத்துக்கு அளிக்கிறேன்" என்று ஒரே வாக்கியம். கீழே 14 தலைப்புகள், தேதி, கையெழுத்து. எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. எந்த நாட்டுக்கு என்று இல்லை. ராயல்டி எத்தனை சதவீதம் என்றும் இல்லை. தமிழ்ப் பதிப்புலகில் இப்படி ஆயிரம் தாள்கள் பீரோக்களில் கிடக்கின்றன. எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கி வைத்தவருக்கும் அது சொத்துப் பத்திரம் மாதிரித் தெரிகிறது. சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. காலம் குறிப்பிடாத ஒப்படைப்பு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "என்றென்றைக்கும்" என்று ஒரு சொல் அதில் இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுத மாட்டேன். இல்லை. அதனால் கணக்குப் போடுங்கள்: 2014 மார்ச்சில் கொடுத்தது 2019 மார்ச்சில் முடிந்தது. உங்கள் அப்பா கண்மூடுவதற்கு 5 மாதம் முன்பே உரிமை அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

அப்படியானால் 2022 பதிப்பு யாரைக் கேட்டு வந்தது? இதுதான் பதிப்பகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இழப்பீடு கேட்பதற்கு 3 ஆண்டுக் கெடு உண்டு. பிரதிகள் இன்னும் விற்றுக்கொண்டிருந்தால் விற்பனைக்கு விற்பனை புதிய மீறல்தான் என்றாலும், பழைய கணக்கு நாளுக்கு நாள் கரையும். தள்ளிப்போடாதீர்கள்.

அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது 18-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்தையோ பயன்பாட்டு முறையையோ பெயர் சொல்லி எழுதியிருந்தாலொழிய அந்த ஒப்படைப்பு அதற்குச் செல்லாது. ரேடியோவுக்கும் கேசட்டுக்கும் கொடுத்த பாட்டு ரிங்டோனாகி யார் யாருக்கோ பணம் கொட்டியதைப் பார்த்து வயிறெரிந்த பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் போராடி வாங்கியது அந்தத் திருத்தம். 2014-ல் தமிழ் நாவல்களை ஏஐ பயிற்சிக்கு விற்கும் வியாபாரம் என்று ஒன்று இருந்ததாக யாரும் வாதாட முடியாது. ஆக, நாளைக்கு ஏதாவது கம்பெனி உங்கள் பதிப்பகத்திடம் "உங்கள் நூல்களையெல்லாம் எங்கள் ஏஐ-க்குக் கொடுங்கள்" என்று காசோலையோடு வந்தால், அப்பாவின் நூல்களை அதில் சேர்க்க பதிப்பகத்துக்கு உரிமை இல்லை. நீங்கள் சும்மா இருந்தால் சேர்த்துவிடுவார்கள்.

இப்போது காணொளிச் சேனல். இதில் சட்டச் சிக்கல் எதுவுமே இல்லை. முழு நாவலை ஒலியாக்கிப் பொதுவில் ஓடவிடுவது அப்பட்டமான மீறல். வாசித்தது மனிதக் குரலா இயந்திரக் குரலா என்பது பொருட்டே இல்லை. "நன்றி: ஆசிரியர்" என்று கீழே போட்டிருப்பார்கள். நன்றி சொன்னால் அனுமதி ஆகிவிடாது. அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு காணொளியின் சுட்டியையும் தனித்தனியாகக் கொடுங்கள். "இந்தச் சேனல் முழுக்க என் அப்பா கதைதான்" என்று மொத்தமாக எழுதினால் வேலைக்கு ஆகாது. பிடிஎஃப் குழுக்களுக்கும் இதே வழிதான், கொஞ்சம் சட்ட மொழியில். 52-ஆம் பிரிவும் 2013 விதிகளில் 75-ஆம் விதியும் சொல்வது இது: நீங்கள்தான் உரிமையாளர் என்பதை விளக்கி எழுத்து மூலம் புகார் கொடுத்தால், அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். அந்த முடக்கம் 21 நாள் தாங்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கொடுக்காவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். பலர் இந்த 21 நாளைக் கோட்டைவிடுகிறார்கள். முடக்கியாயிற்று என்று நிம்மதியாகிவிட்டால், 22-ஆம் நாள் மறுபடி பழைய கதை.

"சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, குழு நடத்துகிறவன் யாரென்றே தெரியாது" என்று யாராவது உங்களைச் சோர்வாக்கப் பார்ப்பார்கள். ஒரு பயிற்சி ஆசிரியர் தன் பாடங்கள் டெலிகிராம் சேனல்களில் களவாடப்படுவதாகப் போட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சேனல் நடத்துவோரின் போன் எண், ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்களைக் கொடுக்கச் சொன்னது. எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. இன்னொன்று: 62-ஆம் பிரிவுப்படி, நீங்கள் வசிக்கிற ஊர் எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு ரயிலேற வேண்டாம். போலீஸ் புகாரும் கொடுக்கலாம். 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2022-ல் இதை ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றே சொல்லிவிட்டது. ஆனால் கதை வாசிக்கிற ஒரு கல்லூரிப் பையனைத் தூக்கி உள்ளே வைப்பதில் உங்கள் அப்பாவுக்குச் சம்மதம் இருந்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் முதல் அடியை அங்கே வைக்க மாட்டேன்.

இனி ஏஐ. உங்களுக்குக் கசப்பான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி பெயர் தப்பு, கிணற்றடி கடற்கரையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் நீங்கள் இதைத் திருட்டுக்குச் சாட்சியாக வைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இதையேதான் தன் சாட்சியாக வைப்பார்: நாவலைப் படித்திருந்தால் முடிவைத் தப்பாகச் சொல்லுமா? எங்கோ ஒரு மதிப்புரையோ முகநூல் பதிவோ பார்த்துவிட்டு, மீதியைத் தானே இட்டுக்கட்டியிருக்கிறது என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நம் பழைய நூல்களின் பிடிஎஃப்களில் முக்கால்வாசி வெறும் படங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தால்தான் இயந்திரத்துக்கு அது பாஷை. திருட்டுக்கு ஆதாரம் வேறு மாதிரி இருக்க வேண்டும். நாவலின் நடுவிலிருந்து, எந்த மதிப்புரையிலும் வராத ஒரு பத்தியின் முதல் வரியைக் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். அப்பாவின் வாக்கியங்கள் சொல் பிசகாமல் வந்தால் அதுதான் விஷயம். அப்படி வந்தால் கை நடுங்காமல் திரையைக் காணொளியாகப் பதிவு செய்து, தேதி, நேரம், கேட்ட கேள்வி எல்லாம் தெரிய வையுங்கள். 2024 ஜூலை முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தில், 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாத மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏறெடுத்துப் பார்க்காது.

நடை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கருத்துக்கும் கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு, அந்த வாக்கியங்களுக்குத்தான் உண்டு. ஒருவர் நடையில் இன்னொருவர் எழுதுவது தமிழில் பாதிப் பேர் செய்கிற தொழில். இயந்திரம் செய்தால் எரிச்சல் வருகிறது, எனக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கதையை யாராவது உங்கள் அப்பா பெயரைப் போட்டு வெளியிட்டால் நிலைமை வேறு. வாசகரை ஏமாற்றுவதாக அதைத் தடுக்கலாம். அவர் எழுதிய நாவலையே வெட்டித் திரித்து வெளியிட்டால் 57-ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையை விற்றுவிட்டால்கூட எழுத்தாளரிடமே தங்கும் உரிமை அது. அவருக்குப் பின் வாரிசுகள் அதைக் கையிலெடுக்கலாம்.

பயிற்சிக்காக நூல்களை எடுத்துக்கொண்டதே தவறில்லையா என்றால், உலகம் முழுக்க இப்போது அதில்தான் மல்லுக்கட்டு. 2025 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் விஷயத்தை இரண்டாகப் பிளந்தார். அந்த நிறுவனம் லட்சக்கணக்கான புத்தகங்களை விலைக்கு வாங்கி, முதுகை வெட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, தாளைக் குப்பையில் போட்டிருந்தது. அதில் தப்பில்லை, பயிற்சியும் நியாயமான பயன்பாடுதான் என்றார். ஆனால் திருட்டு நூலகத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கிச் சேமித்து வைத்ததை ஏற்க முடியாது என்றார். வழக்கு 150 கோடி டாலர் சமரசத்தில் போய் நின்றது. நூலுக்குச் சுமார் 3,000 டாலர்.

தொகையைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். நூலுக்கு ஐஎஸ்பிஎன் போன்ற ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் தங்கியவை 5 லட்சத்துக்கும் குறைவான நூல்கள். உங்கள் அப்பாவின் 11 நாவல்களும் அந்தத் திருட்டுக் கிடங்கில் இருந்திருந்தாலும் ஒரு டாலர் வந்திருக்காது.

அதே ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவிலேயே மெட்டா நிறுவனத்தின் வழக்கில் இன்னொரு நீதிபதி கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டு, எழுத்தாளர்களின் சந்தையே இதனால் படுத்துவிடும் என்று சரியாக வாதாடியிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்றும் எழுதிவைத்தார். 2025 நவம்பர் 4-ல் லண்டன் நீதிமன்றம், படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட ஏஐ மாதிரி ஒன்று தன்னளவில் அந்தப் படங்களின் திருட்டுப் பிரதி ஆகாது என்றது. சரியாக ஒரு வாரம் கழித்து மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகள் ஏஐ மாதிரிக்குள் மனப்பாடமாகப் பதிந்திருப்பதே பிரதியெடுத்ததற்குச் சமம் என்றது. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

நம் ஊர்? 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டது: பயிற்சிக்காகச் சேமித்தது மீறலா, பதில் சொல்லப் பயன்படுத்தியது மீறலா, 52-ஆம் பிரிவின் நியாயமான பயன்பாட்டுக்குள் வருமா, சர்வர் அமெரிக்காவில் இருக்கும்போது இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியுமா. நம் 52-ஆம் பிரிவு அமெரிக்கச் சட்டம் போல நெகிழ்வானது இல்லை. தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி என்று எண்ணி எண்ணி விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். வணிகக் கம்பெனியின் பயிற்சி அந்தப் பட்டியலில் எந்தக் கூண்டில் ஏறும் என்று எனக்குப் புரியவில்லை. எழுத்தாளர் பக்கம் இங்கே பலம் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆனால் அதற்குள் அரசு வேறு திசையில் யோசிக்கிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு, 2025 டிசம்பரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. முறையாகக் கையில் கிடைத்த எந்த நூலையும் ஏஐ கம்பெனிகள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், உரிமையாளர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, பதிலுக்குக் கம்பெனியின் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு பொது அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் சாரம். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைப் பிடுங்கிவிட்டுக் காசு கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. என் விருப்பத்தைக் கேட்டுச் சட்டம் வரப்போவதில்லை. அப்படி ஓர் அமைப்பு வந்தால் பணம் யாருக்குப் போகும்? உரிமையாளர் என்று பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. அந்தப் பட்டியலுக்குப் பதிப்பகம் 14 தலைப்புகளையும் தன் பெயரில் அனுப்பிவைத்துவிட்டால், நீங்கள் டெல்லியில் போய் 2014-ஆம் ஆண்டுத் தாளைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஏஐ கம்பெனி மீது இப்போது வழக்கு வேண்டாம் என்று சொல்வதற்கும், வீட்டுக் காகிதத்தை உடனே சரிசெய்யுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

அட்டைப்படம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அது ஏஐ வருவதற்கு முன் எழுதிய வரி. 2020-ல் ஓர் ஓவியத்துக்கு ஏஐ செயலியையும் கூட்டு ஆசிரியராகப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற நோட்டீஸ் அனுப்பியது நம் பதிப்புரிமை அலுவலகம். அமெரிக்காவில் மனிதர் கைபடாத படத்துக்குப் பதிப்புரிமையே இல்லை. மகன் போட்ட படத்தை அட்டையில் போடுங்கள். வேறு யாராவது அதே படத்தை எடுத்துப் போட்டால் தடுப்பது கஷ்டம், அவ்வளவுதான். பக்கத்து ஊரில் படம் வரைகிற ஒரு பிள்ளை இருந்தால் அவருக்கு 5,000 ரூபாய் கொடுத்து, எழுதியும் வாங்கிக்கொள்வது என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அந்தக் கடைசி நாவலுக்கு ஒரு நல்ல செய்தி. மற்ற நூல்களுக்கு, அப்பா தவறிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு, அதாவது 2079 டிசம்பர் 31 வரை உரிமை. அவர் இருக்கும்போது வெளிவராத நூலுக்கு அந்த 60 ஆண்டு, அது அச்சாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

நாட்டுடைமை என்பது பாரதி தொடங்கி 1949 முதல் நம்மிடம் இருக்கிற மரபு. அரசு குடும்பத்துக்கு ஒரு பரிவுத்தொகை கொடுக்கும். பிறகு யாரும் எதையும் அச்சிடலாம், வாசிக்கலாம், படமெடுக்கலாம். எந்த ஏஐ கம்பெனியும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சேனல்காரரும் அன்றைக்கு நியாயவானாகிவிடுவார். அப்பாவை நாலு பேர் படித்தால் போதும் என்று அம்மா நினைத்தால் அது தவறான முடிவே இல்லை. கோபத்தில் மட்டும் எடுக்க வேண்டாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

எதைச் செய்வதற்கும் முன்னால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பதிப்புரிமையும் சொத்துதான். அப்பா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. (அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும்.) தம்பி சிங்கப்பூரில் நம் தூதரகத்தில் கையெழுத்திட்டு ஓர் அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். அது வந்த பிறகு பதிப்பகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்: ஒப்படைப்புக் காலம் 2019 மார்ச்சில் முடிந்தது, 2022 பதிப்பின் அச்சு எண்ணிக்கையும் விற்பனைக் கணக்கும் வேண்டும், ஒலிநூல், மின்னூல், ஏஐ பயிற்சி எதற்கும் எங்கள் மூவரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நூல்களைக் கொடுக்கக் கூடாது. உங்கள் கையில் இருப்பது நகல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் மூலத்தைக் காட்டும்படியும் கேளுங்கள். அந்த நகலை ஊரில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். கூடவே நின்று இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.